கசக்கும் கடலையை முழுங்காதீங்க! - பூஞ்சை நச்சைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி ஸ்ட்ரிப் எப்படி வேலை செய்கிறது?

வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே ரீல்ஸ் பார்க்கிறீர்கள். பத்து கடலை ருசியாகப் போகிறது. பதினோராவது மட்டும் நாக்கில் பட்டதும் ஒரு மாதிரி கசக்கிறது. என்ன செய்வீர்கள்? முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னும் நாலு நல்ல கடலையை வாயில் போட்டு, அந்தக் கசப்பை உள்ளே தள்ளிவிடுவதுதானே வழக்கம்?

இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். அந்தச் சொத்தைக் கடலையில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். அந்தப் பூஞ்சணம் 'அஃப்ளாடாக்ஸின்' என்ற நச்சை விட்டுச் சென்றிருக்கலாம். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதிசெய்து, முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கும் நச்சு இது.

சிக்கல் என்னவென்றால், இந்த நச்சுக்கென்று தனியாக நிறமோ, மணமோ, சுவையோ கிடையாது. கடலை கசப்பது கெட்டுப்போனதற்கான அடையாளம் மட்டுமே. கசக்காத கடலையிலும் நச்சு இருக்கலாம். கண்ணும் மூக்கும் நாக்கும் ஏமாறும் இந்த இடத்தில்தான் ஆன்டிபாடி கைகொடுக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த கதை

1960. இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல்! என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. அதனால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் குற்றவாளி தீவனத்தில் சிக்கியது. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்தது 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்ற பூஞ்சை. முதல் பெயரில் இருந்து 'அ', இரண்டாவது பெயரில் இருந்து 'ஃப்ளா', நச்சைக் குறிக்கும் 'டாக்ஸின்'. சேர்த்தால் அஃப்ளாடாக்ஸின்.

இதில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று வகைகள் உண்டு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தால் 'பி', அதாவது ப்ளூ. பச்சையாக ஒளிர்ந்தால் 'ஜி', அதாவது க்ரீன். இருப்பதிலேயே வீரியமானது பி1. 'எம்' என்று இன்னொன்றும் உண்டு. அது மில்க். பாலுக்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

மனிதர்களையும் விடவில்லை

1974-ன் கடைசி மாதங்கள். ராஜஸ்தான், குஜராத் எல்லையில் 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் மக்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது, வயிறு வீங்கியது. 397 பேர் பாதிக்கப்பட்டார்கள், 106 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் நம்பியிருந்த பழங்குடி மக்கள். பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளம், சரியாகக் காயாமலே வீட்டுக்குள் போய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதே சாப்பாட்டைத் தின்ற நாய்கள் மனிதர்களுக்கு முன்பே நோயில் விழுந்திருந்தன. அந்த எச்சரிக்கையைப் படிக்க அப்போது அங்கே கருவி எதுவும் இல்லை.

2004-ல் கென்யாவிலும் இதே கதை. இதே மக்காச்சோளம். 317 பேருக்குப் பாதிப்பு, 125 மரணங்கள்.

இவை ஒரேயடியாக அதிக நச்சு உள்ளே போனதால் நடந்தவை. நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் சேர்வது கல்லீரலைத் தாக்கும். ஹெபடைடிஸ் பி தொற்றும் இருப்பவர்களுக்கு கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

எந்த உணவில் எந்த நச்சு?

அஃப்ளாடாக்ஸின் மட்டும் இல்லை, அதற்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு சின்ன லிஸ்ட்.

* அஃப்ளாடாக்ஸின்: நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், பருத்திக்கொட்டை, கொப்பரை. தாக்குவது கல்லீரலை.
* ஆக்ரடாக்ஸின்: காபிக்கொட்டை, தானியங்கள், உலர் திராட்சை. தாக்குவது சிறுநீரகத்தை.
* ஃபியூமோனிஸின்: மக்காச்சோளம். குதிரைகளுக்கு மூளையையே பாதிக்கும்.
* டியாக்ஸிநிவலினால்: கோதுமை, பார்லி. வாந்தி வரவைப்பதால் 'வாமிடாக்ஸின்' என்று செல்லப்பெயர்.
* ஸியரலினோன்: மக்காச்சோளம், கோதுமை. பெண் ஹார்மோன் மாதிரி நடித்துப் பன்றிகளின் இனப்பெருக்கத்தைக் குழப்பும்.

இவை எல்லாவற்றுக்கும் இன்று ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கிறது.

எலிக்கு ஊசி, நமக்கு டெஸ்ட்

ஆன்டிபாடி என்பது புதுசு இல்லை. பள்ளிப் புத்தகத்தில் 'எதிர்ப்பொருள்' என்று படித்திருப்பீர்கள். கிருமி உள்ளே வந்தால், அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள உடம்பு தயாரிக்கும் புரதம். ஒரு ஆன்டிபாடி, தனக்கு உரிய ஆளை மட்டும்தான் பிடிக்கும். பக்கத்தில் நூறு பேர் நின்றாலும் திரும்பிப் பார்க்காது. இந்தக் குணத்தைத்தான் விஞ்ஞானிகள் கடன் வாங்கினார்கள்.

ஆனால், ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அஃப்ளாடாக்ஸின் மிகச் சின்ன மூலக்கூறு. அதை அப்படியே ஒரு எலிக்கோ முயலுக்கோ செலுத்தினால், நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளவே செய்யாது. அதனால் நச்சை ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டவைத்து ஊசி போட்டார்கள். யானை மேல் உட்கார்ந்து வந்தால் ஊரே திரும்பிப் பார்க்குமே, அந்த மாதிரி! இப்போது விலங்கின் உடம்பு புரதத்துக்கும் ஆன்டிபாடி தயாரிக்கும், மேலே உட்கார்ந்திருக்கும் நச்சுக்கும் தயாரிக்கும். இரண்டாவதைப் பிரித்தெடுத்தால் வேலை முடிந்தது.

ஒவ்வொரு முயலும் தரும் ஆன்டிபாடி கொஞ்சம் மாறுபடுமே? அதற்கும் விடை கிடைத்தது. 1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லையும், சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லையும் இணைத்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆன்டிபாடிகள் வருடக்கணக்கில் கிடைக்க ஆரம்பித்தன. 'மோனோக்ளோனல் ஆன்டிபாடி' என்று கோவிட் காலத்தில் கேள்விப்பட்டீர்களே, அதேதான். இதற்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலைசா: ஒரு இசை நாற்காலி ஆட்டம்

லேப்களில் அதிகம் பயன்படுவது 'எலைசா' டெஸ்ட். 1971-ல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை உருவாக்கின. 96 சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிகளின் அடியில் ஆன்டிபாடிகள் ஒட்டியிருக்கும்.

இனி இசை நாற்காலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடிகள்தான் நாற்காலிகள். எண்ணிக்கை குறைவு. உட்கார வருவது இரண்டு கூட்டம். ஒன்று, உங்கள் கடலையை அரைத்துக் கரைசலில் குலுக்கி எடுத்த சாறில் இருக்கும் நச்சு. இன்னொன்று, கிட்டில் இருந்து நாம் ஊற்றும் நச்சு. இதன் முதுகில் நிறம் உண்டாக்கும் ஒரு என்சைமைக் கட்டியிருப்பார்கள்.

இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடம் கிடைக்காதவர்களைக் கழுவி வெளியேற்றிவிடுவார்கள். பிறகு நிறம் தரும் மருந்தைச் சேர்த்தால்...

* கடலையில் நச்சு இல்லை என்றால், எல்லா நாற்காலியிலும் கிட்டின் ஆட்கள்தான். நிறம் அடர்த்தியாக வரும்.
* கடலையில் நச்சு அதிகம் என்றால், நாற்காலிகளை அது பிடித்துக்கொள்ளும். நிறம் வெளுத்துப்போகும்.

எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைக் கருவி அளந்து, எவ்வளவு நச்சு என்று எண்ணாகச் சொல்லிவிடும். ஒரே தட்டில் பல சாம்பிள்களைப் பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

ஸ்ட்ரிப்: இங்கே இரண்டு கோடு வந்தால் சந்தோஷம்!

லேப் இல்லாத இடத்தில்? தீவன மில் வாசலில் சோள லாரி நிற்கிறது. இறக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று கால் மணி நேரத்தில் முடிவு எடுக்க வேண்டும். அங்கே வருவதுதான் ஸ்ட்ரிப் டெஸ்ட். பார்க்க கர்ப்பப் பரிசோதனை கிட், கோவிட் ரேபிட் கிட் மாதிரியே இருக்கும். ஆனால், ரிசல்ட்டைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

ஸ்ட்ரிப்பில் தங்கத்தின் நுண்துகள்கள் ஒட்டிய ஆன்டிபாடிகள் இருக்கும். அதனால்தான் கோடு சிவப்பாகத் தெரிகிறது. சாம்பிள் சாறு ஊறி ஊறி நகரும்போது இந்த ஆன்டிபாடிகளையும் இழுத்துக்கொண்டு போகும். வழியில் இருக்கும் டெஸ்ட் கோட்டில் நச்சையே கொஞ்சம் பதித்துவைத்திருப்பார்கள்.

* சாறில் நச்சு இல்லை: ஆன்டிபாடிகள் கை காலியாக வந்து டெஸ்ட் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். கோடு தெரியும். கன்ட்ரோல் கோடும் சேர்ந்து இரண்டு கோடு. சரக்கு ஓகே.
* சாறில் நச்சு அதிகம்: ஆன்டிபாடிகள் ஏற்கெனவே நச்சைப் பிடித்துக்கொண்டு வருவதால், டெஸ்ட் கோட்டைத் தாண்டிப் போய்விடும். கன்ட்ரோல் கோடு மட்டும் தெரியும். சரக்கை நிறுத்துங்க.
* கன்ட்ரோல் கோடே வரவில்லை: டெஸ்ட்டே செல்லாது. புது ஸ்ட்ரிப் எடுக்க வேண்டும்.

ஹைதராபாத் அருகே படான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 2016-ல் இப்படி ஒரு கையடக்க கிட்டை அறிமுகப்படுத்தியது. 10 பிபிபி அளவு நச்சையே கண்டுபிடிக்கும், விலை இரண்டு டாலருக்கும் குறைவு என்று அறிவித்தது. விவசாயிகள், சிறு வியாபாரிகள் கைக்கு எட்டும் விலை என்பதுதான் இதில் முக்கியம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆன்டிபாடிகளை நுண்மணிகளில் ஒட்டி ஒரு சின்னக் குழாயில் அடைத்திருப்பார்கள். சாறை ஊற்றினால் நச்சு மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும், மற்ற குப்பையெல்லாம் வழிந்தோடும். பிறகு நச்சை மட்டும் கழற்றி ஹெச்.பி.எல்.சி என்ற பெரிய கருவியில் துல்லியமாக அளப்பார்கள். ஏற்றுமதியில் தகராறு வந்தால் இந்த மாதிரி லேப் ரிசல்ட்தான் பேசும்.

பிபிபி என்றால் எவ்வளவு?

நூறு கோடியில் ஒரு பங்கு. 32 வருடங்களில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! நம் நாட்டில் நேரடியாகச் சாப்பிடும் கடலை, பருப்பு வகைக் கொட்டைகளில் மொத்த அஃப்ளாடாக்ஸின் 10 பிபிபியைத் தாண்டக் கூடாது. இனிமேல்தான் பதப்படுத்தப்போகிறோம் என்றால் 15 வரை அனுமதி. ஐரோப்பிய யூனியனில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு 4 பிபிபிதான். இங்கே பாஸ் ஆகும் கன்டெய்னர் அங்கே ஃபெயில் ஆவது இதனால்தான்.

பால் கணக்கில் தமிழ்நாடு

மாடு பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையோ சோளத்தையோ தின்றால் என்ன ஆகும்? அதிலிருக்கும் பி1 நச்சை மாட்டின் கல்லீரல் எம்1 என்ற வேறு வடிவத்துக்கு மாற்றும். தின்ற நச்சில் சுமார் 1 முதல் 6 சதவிகிதம் வரை ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். எம்1-ன் வீரியம் பி1-ஐவிடக் குறைவுதான். ஆனால், பாலை அதிகம் குடிப்பது யார்? குழந்தைகள். காய்ச்சினாலும் இது போகாது, தயிராக்கினாலும் போகாது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள்களைப் பரிசோதித்து, 2019 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. தண்ணீர், யூரியா கலப்படம்தான் பெரிதாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அதைவிட முந்தி நின்றது அஃப்ளாடாக்ஸின் எம்1. 368 சாம்பிள்கள், அதாவது 5.7 சதவிகிதம், அனுமதித்த அளவான கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. மாநில வரிசையில் முதலில் வந்தது தமிழ்நாடு. 551 சாம்பிள்களில் 88. அடுத்து டெல்லியில் 262-க்கு 38, கேரளாவில் 187-க்கு 37.

இது யாரோ பாலில் கலந்தது இல்லை. தீவனம் வழியாக வந்தது. அந்தத் தீவனத்துக்கு நாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யே அப்போது சொன்னது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால், மூன்று நான்கு நாட்களில் பால் சுத்தமாகத் தொடங்கிவிடும். அதாவது, பாலைக் கொட்டுவதைவிட, புண்ணாக்கு மூட்டையைப் பிரிக்கும்போதே ஒரு ஸ்ட்ரிப் போட்டுப் பார்ப்பது லாபம். கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில், கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனத்தைப் பரிசோதித்துச் சொல்லும் லேப் இருப்பது இதற்காகத்தான்.

மூட்டையில் ஒரு கடலை போதும்

இவ்வளவு நல்ல டெஸ்ட் இருந்தும் ஏன் நச்சு தப்பிக்கிறது? காரணம் ஸ்ட்ரிப்பில் இல்லை. கையை மூட்டையில் எங்கே விட்டோம் என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 50 கிலோ மூட்டை. ஒரு பருப்பு அரை கிராம் என்றால், உள்ளே ஒரு லட்சம் பருப்புகள். மோசமாகப் பூஞ்சணம் பிடித்த ஒற்றைப் பருப்பில் 10 லட்சம் பிபிபிக்கும் மேல் நச்சு அளந்திருக்கிறார்கள். அப்படி ஒரே ஒரு பருப்பு உள்ளே கிடந்தால், அந்த 50 கிலோ மூட்டையின் சராசரியே 10 பிபிபியைத் தொட்டுவிடும். ஒரு லட்சத்தில் ஒன்று!

இப்போது நீங்கள் மேலாக ஒரு கைப்பிடி எடுத்து டெஸ்ட் செய்தால், அந்தப் பருப்பு கையில் வருவதற்கு என்ன வாய்ப்பு? அதனால்தான் ஐரோப்பிய விதிகளில், பெரிய சரக்காக இருந்தால் நூறு இடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ வரை சேர்த்து, நன்றாக அரைத்துக் கலந்த பிறகே சோதிக்கச் சொல்கிறார்கள். சாம்பிள் சரியில்லை என்றால், எந்த ஆன்டிபாடியாலும் காப்பாற்ற முடியாது.

வேறு சில பலவீனங்களும் உண்டு. ஒரு நச்சின் ஆன்டிபாடி, அதேபோல இருக்கும் இன்னொரு மூலக்கூறையும் தவறாகப் பிடிக்கலாம். சோளத்துக்கான கிட்டில் மிளகாய்த்தூளைப் போட்டால், அதன் நிறமும் எண்ணெயும் ரிசல்ட்டைக் கெடுத்துவிடலாம். எந்தப் பொருளுக்கு என்று கிட்டில் எழுதியிருக்கிறதோ, அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

'அப்போ, நானும் ஒரு கிட் வாங்கிடவா?'

வேண்டாம். ஒரு பாக்கெட் கடலையில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சோதித்து உங்களுக்குத் தெளிவான பதில் கிடைக்காது. தவிர, பல கிட்களில் நச்சைப் பிரிக்க மெத்தனால் தேவைப்படும். அது வீட்டில் வைத்து விளையாடும் பொருள் இல்லை. கிட் இருக்க வேண்டிய இடம் கொள்முதல் நிலையம், தீவன மில், பால் குளிரூட்டும் நிலையம், எண்ணெய் ஆலை. உங்களால் செய்ய முடிந்தவை இவைதான்.

* வறுக்கும் முன்பே பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் குப்பைக்கு. வறுத்தால் நச்சு கொஞ்சம் குறையுமே தவிர, முழுதாகப் போகாது.
* பூஞ்சணத்தை மேலாகத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சணம் போனாலும் நச்சு உள்ளேயே இருக்கும்.
* ஈரம்தான் முதல் எதிரி. கடலை, மிளகாய் வற்றல், கொப்பரை எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரக் கரண்டி கூடாது. மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.
* செக்கு எண்ணெய் வாங்குகிறீர்களா? நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும் என்றாலும், சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் வரலாம். பருப்பைப் பொறுக்கித்தான் ஆட்டுகிறார்களா என்று நேரில் பாருங்கள்.
* ஊரில் கடலை விவசாயமா? செடியைப் பிடுங்கியதும் குவித்துவைக்காமல் உடனே காயப்போடச் சொல்லுங்கள். காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென ஆட வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் ரொம்ப முக்கியம். 'நாம சாப்பிடத்தான் லாயக்கில்லை, மாட்டுக்குப் போடலாம்' என்று சொத்தைக் கடலையையும் பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மனிதர்கள் கழித்துக்கட்டியது தீவனமாகிறது, தீவனம் பாலாகிறது, பால் குழந்தையின் டம்ளருக்கு வருகிறது. ஊரில் மாடு வளர்க்கும் பெரியப்பாவோ அத்தையோ இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். கெட்டுப்போனதை மண்ணில் புதைத்துவிடலாம், மாட்டுத் தொட்டியில் போட வேண்டாம்.